அக்கா சேர்த்த கேள்வி

ஆஸ்பத்திரியில் என்னோடு முதலில் முறைத்துக்கொண்டது ஒரு கணினி.

கால்வலி தாங்காமல் ஊசி கேட்டேன். வார்டுத் தாதி நிரோஷா மிஸ் சக்கரம் வைத்த மேசையை என் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்தார். மேசைமேல் கணினி. அதில் என் பெயரைத் தட்டினார், ஊசிமருந்தின் பெயரைத் தட்டினார். திரையின் மேல்பக்கம் சிவந்தது. கையில் எடுத்த ஊசியை அவர் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

“இது வேணாம் சொல்லுது அண்ணா.”

“எது?”

“கம்பியூட்டர்.”

கெண்டைச் சதை இரண்டையும் யாரோ முறுக்கிப் பிழிவது போல இருந்தது எனக்கு. “மிஸ், வலிக்கிறது என்னோட கால். கம்பியூட்டருக்குக் கால் இருக்கா?”

“சக்கரம் இருக்கு,” என்று சொல்லிவிட்டு, இரண்டு பனடோல் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கணினியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி என்றாலே உதட்டைப் பிதுக்கி, “கண்டிக்குக் கொண்டு போங்க” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். படுத்துப் பார்த்த பிறகு வேறு மாதிரிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன் பிறகு ஒரே இடத்தில் ஒரு வருடம் முழுதாக இருந்ததாக நினைவில்லை. கொழும்பில் புடவைக்கடையில் நின்றேன். கிளிநொச்சியில் வீடுகளுக்குத் தரைக்கல் பதித்தேன். கற்பிட்டியில் மீன் காயவைத்தேன். மரக்கறி லொறியில் கிளீனராக நாட்டைச் சுற்றினேன். கடைசியாகச் செய்தது நுவரெலியாப் பக்கம் கரட் கழுவுகிற வேலை. ஓடைக்கரையில் தொட்டி கட்டித் தண்ணீரைத் திருப்பி விட்டிருப்பார்கள். மூட்டை மூட்டையாகக் கரட்டைக் கொட்டி, உள்ளே இறங்கி, காலால் மிதித்து மண் போக்க வேண்டும். அந்தக் குளிரில் கால் மரத்துப் போகும். வெட்டுப்பட்டாலும் தெரியாது. அதுவும் அலுத்துப் போய், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான மல்லிகா அக்காவின் காம்பராவுக்கு வந்து சேர்ந்தேன். பையை இறக்கி வைத்த கையோடு காய்ச்சல் வந்துவிட்டது.

காய்ச்சல் என்றால் எனக்குப் புதிதல்ல. போர்த்திக்கொண்டு படுத்தால் போய்விடும். இது போகவில்லை. கண் இரண்டும் மிளகாய் பட்டது போலச் சிவந்தன. தலையைத் தூக்கினால் காம்பரா சுற்றியது. வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன், கேட்கவில்லை. மச்சான் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் ஆட்டோவைக் கூட்டி வந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். பேச்சையெல்லாம் அக்காவிடம் விட்டுவிட்டு வேலையை மட்டும் பார்ப்பார்.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் வரிசை வாசல் தாண்டி நின்றது. பெஞ்சில் உட்கார முடியாமல் அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்தேன். வயது நாற்பதைத் தாண்டியவன் அப்படிக் கிடந்ததைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சி தன் சால்வையை எடுத்து என் காலில் போட்டுவிட்டாள். சீக்கிரமே உள்ளே எடுத்தார்கள். நாடித்துடிப்பு, பிரஷர், காய்ச்சல் எல்லாம் கணினியில் போட்ட உடனே மஞ்சள் வெளிச்சம் வந்ததாம். இவரை வரிசையில் நிற்க விடாதே என்பது அதற்கு அர்த்தம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வார்டில் என்னைப் பார்த்தவர் டொக்டர் தர்ஷினி. சின்ன வயது. தலையை இறுக்கக் கட்டிக்கொண்டு, வேகமாக நடந்து, நிதானமாகப் பேசுகிறவர்.

“பிரஷர், சீனி, ஏதாவது வருத்தம் இருக்கா? கிளினிக் போறீங்களா?”

“இல்லங்க.”

“வெளியில மாத்திரை ஏதும் வாங்கிப் போட்டீங்களா?”

“வலிக்கு வாங்கிப் போட்டேன் டொக்டர். கடையில.”

“வேற?”

“வேற ஒண்ணும் வாங்கல.”

“என்ன வேலை செய்றீங்க?”

“இப்ப சும்மாதாங்க இருக்கேன்.”

எல்லாவற்றையும் கணினியில் தட்டினார். இரத்தம் எடுத்தார்கள். முதல் முடிவு வந்தபோது, இரத்தத்தை உறைய வைக்கும் துணுக்குகள் குறைந்திருந்தன. அவற்றைப் பிளேட்லெட் என்கிறார்கள். கணினி டெங்கு என்று முதலிடத்தில் போட்டது. டொக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வந்து என் கெண்டைச் சதையை இரண்டு கையாலும் அமுக்கினார். நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

“சும்மா இருக்கேன்னு சொன்னீங்களே, அதுக்கு முன்னுக்கு என்ன செஞ்சீங்க?”

“லொறியில கிளீனரா போனேன். அப்பறம் கரட் கழுவுனேன்.”

“காலாலயா?”

“வேற எதால கழுவுறது?”

அதையும் தட்டினார். என் கண்முன்னாலேயே திரையில் இருந்த வரிகள் இடம் மாறின. கீழே கிடந்த ஒன்று மேலே ஏறியது. எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து, காலில் இருக்கும் வெட்டு வழியாக ஏறுகிற கிருமி. சதையைப் பிடிக்கும், கண்ணைச் சிவக்க வைக்கும், விட்டால் சிறுநீரகத்தில் போய் உட்காரும். அன்றே பென்சிலின் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

“அப்ப அதுதான் டொக்டரா? நீங்க அதுக்கு உதவியா?” என்று கேட்டேன். காய்ச்சலிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்க சொல்லுங்க, லொறியில போனேன்னீங்களே, கிளீனருக்கு என்ன வேல?”

“ரிவர்ஸ் போகயில பின்னால நின்னு கத்துறது. ‘வா, வா, வா, ஹோல்ட்’னு.”

“ஸ்டியரிங்?”

“டிரைவர் கையில.”

“அவ்வளவுதான்,” என்றார். “இது கத்தும். சில நேரம் சும்மாவும் கத்தும். திரும்பிப் பாத்துட்டு நாங்கதான் முடிவெடுக்கணும். ஆனா கத்துறப்ப திரும்பிப் பாக்காத டிரைவர் பள்ளத்துலதான் கெடப்பான்.”

அன்றிலிருந்து வார்டில் அந்தக் கணினிக்குப் பெயர் கிளீனர் என்றாகிவிட்டது. நிரோஷா மிஸ்ஸே, “கிளீனர் எங்கே?” என்று கேட்க ஆரம்பித்தார்.

அது வலியூசியை ஏன் தடுத்தது என்பதும் அடுத்த இரத்த முடிவில் தெரிந்தது. கிரியேட்டினின் என்று ஒன்று இருக்கிறது. உடம்பில் சேருகிற கழிவு அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் இரத்தத்தில் அதன் எண் ஏறும். எனக்கு ஏறியிருந்தது. கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையும், நான் கேட்டு அழுத ஊசியும் ஒரே குடும்பம். நோகிற சிறுநீரகத்தை இன்னும் நோகடிக்கிற குடும்பம். நிரோஷா மிஸ் அன்று என் கெஞ்சலைப் பார்த்து மனமிரங்கிப் போட்டிருந்தால், நான் அவரைத் தங்கமான பிள்ளை என்று சொல்லிக்கொண்டே சிறுநீரகத்தை இழந்திருப்பேன்.

டொக்டர் மறைக்காமல் சொன்னார். எண் இப்படியே ஏறினால் கண்டிக்கு அனுப்பி, மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலும் கொஞ்ச நாளில் சிறுநீரகம் திரும்ப வேலை செய்யும். சிலருக்குத் திரும்பாது.

“திரும்பாட்டி?”

“வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை மெஷினுக்குப் போகணும்.”

“எத்தன வாரத்துக்கு?”

அவர் என் கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

சாவுக்கு நான் அவ்வளவாகப் பயந்ததில்லை. லொறியில் இரண்டு தடவை உருண்டிருக்கிறேன். ஆனால் இது வேறு. ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் ஆயுள் முழுக்கக் கட்டிப்போட்ட மாடாக இருக்க வேண்டும். மன்னார் போக முடியாது. திருகோணமலை போக முடியாது. ஒரு இடம் அலுத்தால் பையைத் தூக்க முடியாது. அந்த நினைப்பில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். காய்ச்சல்காரன் கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது ஒரு வசதி.

அடுத்து வந்தது பொட்டாசியம். அதுவும் உடம்பில் இருக்கிற ஒரு உப்புத்தான். அளவாக இருந்தால் நெஞ்சு ஒழுங்காக அடிக்கும். கூடினால் அடிக்கிற நெஞ்சு நின்றும் போகலாம். எனக்குக் கூடியிருந்தது. நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். சேலைனில் குளுக்கோஸும் இன்சுலினும் சேர்த்து ஏற்றினார்கள். மருந்துக்குப்பியைப் பார்த்த அக்கா பதறிப் போனாள். லயத்தில் இன்சுலின் குப்பியைத் தெரியாதவர்கள் யார்?

“டேய் சிவா, சீனி வருத்தக்காரவுங்களுக்குப் போடுறத ஒனக்குப் போடுறாங்கடா. ஆள மாத்திட்டாங்க போல.” பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். “இந்த மாமாவுக்குத்தான் சீனியா இருக்கும்.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சோமே மாமா. வெலிமடைப் பக்கத்துச் சிங்களவர், உருளைக்கிழங்கு விவசாயி. தமிழ் நன்றாக விளங்கும். “எனக்குச் சீனி இல்ல தங்கச்சி. பல்லுத்தான் இல்ல,” என்றார்.

டொக்டர் தர்ஷினி வந்து அக்காவை உட்கார வைத்து விளக்கினார். இன்சுலின் சீனியை மட்டுமல்ல, பொட்டாசியத்தையும் இரத்தத்திலிருந்து உடம்புக்குள்ளே தள்ளிவிடும். சீனி கீழே இறங்கிவிடாமல் இருக்கத்தான் கூடவே குளுக்கோஸ். அதையும் கிளீனர் கவனித்துக்கொண்டிருந்தது. விரலில் குத்திச் சீனி பார்க்கும் நேரம் வந்தால் மணி அடிக்கும். பார்த்து எண்ணைப் போடும்வரை நிறுத்தாது. என் விரல்நுனிகள் எல்லாம் புள்ளி புள்ளியாகிப் போயின.

பொட்டாசியம் இறங்கியது. அடுத்த நாள் திரும்ப ஏறியது.

டொக்டர் என் கட்டிலைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் தம்பிலிக் குலை. காய்ச்சல்காரனைப் பார்க்க வருகிறவர்கள் செவ்விளநீர் இல்லாமல் வருவார்களா? தோட்டத்திலிருந்து வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு இரண்டு தம்பிலியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். அவற்றில் நிறையப் பொட்டாசியம் இருக்கிறதாம். “டெங்குன்னா குடிங்கன்னு நானே சொல்லுவேன். ஒங்களுக்கு இது இப்ப விஷம்,” என்றார்.

“விஷத்த எனக்குக் குடுங்க மல்லி,” என்று, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, சோமே மாமா கையை நீட்டினார். மச்சான் ஒரு வார்த்தை பேசாமல் குலையை இழுத்து அவர் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

தம்பிலி நின்றது. பழம் நின்றது. ஆனாலும் பொட்டாசியம் இறங்கவில்லை. பிரஷரும் கீழேயே கிடந்தது. மூத்திரம் அடியிலே கொஞ்சம்போலத்தான் போத்தலில் சேர்ந்தது. டொக்டர் என் பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பெட்டி எழும்பியது. நானே பார்த்தேன்.

“அதுல என்ன போட்டிருக்கு?”

அவர் தமிழில் சொன்னார். “மருந்து குடுத்தும் கொறையல. பிரஷர் கொறைக்கிற மருந்து, பொட்டாசியம் ஏத்துற மருந்து ஏதாவது உள்ள போகுதான்னு கேக்குது. இல்லன்னு நான் போட்டாச்சு. நேத்துப் போட்டேன், இன்னைக்கும் போட்டேன். விடமாட்டேங்குது.”

“சும்மாவும் கத்தும்னீங்களே.”

“சொன்னேன்தான்.” ஆனால் அவர் பெட்டியை மூடவில்லை. அதைப் பார்த்தபடியே நின்றார்.

அன்று பார்வையாளர் நேரத்துக்கு அக்கா வந்தபோது பெரிய டொக்டரும் வார்டில் இருந்தார். இரண்டு டொக்டர்களும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். ‘மஹநுவர’ என்ற சொல் அக்காவுக்கு நன்றாக விளங்கும். கண்டி. அம்பியூலன்ஸ் சொல்லியாகிவிட்டது என்று நிரோஷா மிஸ்ஸும் சொன்னார். அவ்வளவுதான். அக்கா சோற்றுப் பாத்திரத்தை டக்கென்று லொக்கரின் மேல் வைத்தாள்.

“என்னாங்க டொக்டர், ஒரு வலிக்கு ஊசி கேட்டாக் கம்பியூட்டர் வேணாங்குது. எளநி குடுத்தா வேணாங்குது. இப்ப இங்கயே வேணாங்குதா? தோட்டத்து ஆளுங்கன்னா மெஷினுக்கும் எளக்காரமா? நான் நாலு நாளா பேரக் கூடப் போடாம வர்றேன்.” வேலைக்குப் போனால்தான் அன்றைக்குப் பேர் விழும், நாள் சம்பளம் அதில்தான். அக்கா நிறுத்தவில்லை. “வந்து என் கையால சோறு ஊட்டுறேன், என் கையால மாத்திர குடுக்குறேன். வேற என்னாங்க நாங்க செய்யணும்?”

பெரிய டொக்டருக்குத் தமிழ் அவ்வளவாக விளங்காது. டொக்டர் தர்ஷினிக்கு விளங்கியது.

“என்ன மாத்திர?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

“பிரஷர் மாத்திர,” என்றாள், அதில் என்ன இருக்கிறது என்பது போல. “தல சுத்துதுன்னான். தல சுத்துனாப் பிரஷர்தானே. பக்கத்துக் காம்பரா பாக்கியத்துக்குக் கிளினிக்ல குடுக்கிறது. காலையில ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு.”

“எப்பயிருந்து?”

“காய்ச்ச வந்ததுலயிருந்து.”

“இங்க வந்த பொறகுமா?”

“ஆமா. விட்டுறக்கூடாதுன்னு பாக்கியம் சொன்னுச்சு.”

இதை வாசிக்கிறவர்கள் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்று நினைக்கலாம். லயத்தில் இருந்து பார்த்தால் விளங்கும். ஒரு வரிசையில் பன்னிரண்டு காம்பரா. ஒரு வீட்டு மிளகாய்த்தூள் இன்னொரு வீட்டுக்குப் போகும். ஒரு வீட்டுக் குடை இன்னொரு வீட்டுப் பிள்ளையோடு பள்ளிக்கூடம் போகும். மாத்திரையும் அப்படித்தான். கிளினிக் போய்வந்தவர் வீட்டு மாத்திரை அந்த லயத்து மாத்திரை. கிளினிக் போகிறாயா என்று டொக்டர் கேட்டபோது, நான் போகிறவன் இல்லை. வாங்கினாயா என்று கேட்டபோது, அது வாங்கியதும் இல்லை. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அக்காவுக்கும் வரவில்லை.

டொக்டர் தர்ஷினி சத்தம் போடவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். அழுகை வருகிற மாதிரி ஒரு சிரிப்பு.

“எங்க அம்மா பூண்டுலோயாவுல இதத்தான் செய்யிது,” என்றார். “எனக்கு வந்த விட்டமின் மாத்திரைய முழு லயமும் சாப்பிட்டுச்சு. அந்த லயத்துல பொறந்து வளந்த எனக்கே இதக் கேக்கத் தோணல பாருங்க.”

மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். கணினியில் போட்டார். திரை சிவந்தது. இந்தத் தடவை அந்தச் சிவப்பைப் பார்த்து எல்லோருக்கும் மூச்சு வந்தது. அந்த மாத்திரை பிரஷரைக் குறைக்கும். நோகிற சிறுநீரகத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கும். பொட்டாசியத்தையும் உடம்பில் தங்க வைக்கும். ஒரு கையால் அவர்கள் இறைத்துக்கொண்டிருக்க, மறுகையால் அக்கா ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கணினி அப்போதும் கண்டிக்கு அனுப்பு என்றுதான் சொன்னது. பெரிய டொக்டர் என் நெஞ்சு வரைபடத்தைப் பார்த்தார், மூத்திரப் போத்தலைத் தூக்கிப் பார்த்தார், டொக்டர் தர்ஷினியோடு பேசினார். காரணம் கையில் கிடைத்துவிட்டது. மாத்திரையை நிறுத்தி, மருந்தைத் திரும்ப ஏற்றி, அந்தி இரத்தத்தைப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்றார். அம்பியூலன்ஸ் முற்றத்தில் நிற்கட்டும். கிளீனர் கத்தியது. டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

அந்தப் பின்னேரம் முழுவதும் வார்டு என் மூத்திரத்துக்காகக் காத்திருந்தது. அவ்வளவு மரியாதை என் வாழ்க்கையில் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. குழாய் வழியாகத் துளி விழுகிறதா என்று மச்சான் முழங்காலில் குந்திப் பார்த்தபடி இருந்தார். நிரோஷா மிஸ் போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை. சோமே மாமா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, “வருதா? வருதா?” என்று கிரிக்கெட் கேட்கிற மாதிரிக் கேட்டார். அக்கா மட்டும் பார்க்கவில்லை. வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்றால், மெஷின் வேண்டாம், அவ்வளவுதான். எந்தச் சாமியிடம் என்று குறிப்பாகச் சொல்லவில்லை. நான் வேலை செய்த ஊர்களில் இருந்த எல்லோரிடமும் கேட்டுவைத்தேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மச்சான் எழுந்து நின்றார். “போத்தல மாத்தணும் மிஸ்,” என்றார். நான் வந்ததிலிருந்து அவர் ஆஸ்பத்திரியில் பேசிய முதல் முழு வார்த்தை அது. போத்தல் நிறைந்திருந்தது.

அந்தி இரத்த முடிவில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. டொக்டர் தர்ஷினி முற்றத்துக்குப் போய் அம்பியூலன்ஸ் டிரைவரிடம் பேசிவிட்டு வந்தார். வண்டி என்னை ஏற்றாமல் திரும்பிப் போன சத்தத்தைப் படுத்தபடியே கேட்டேன். அடுத்து வந்த நாட்களில் கிரியேட்டினின் எண்ணும் இறங்கத் தொடங்கியது. முதலில் சிணுங்கிச் சிணுங்கி, பிறகு மளமளவென்று. மஞ்சள் பெட்டி எழும்பவில்லை. கேட்டதற்குப் பதில் கிடைத்தால் அது பேசாமல் இருக்கும்.

ஆனால் அக்கா ஒடுங்கிப் போய்விட்டாள். சோறு கொண்டுவந்து வைப்பாள், பேசமாட்டாள். என் தம்பியை என் கையாலேயே கொல்லப் பார்த்தேன் என்று வராந்தாவில் யாரிடமோ சொன்னாளாம். டொக்டர் தர்ஷினிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் கணினியைத் தள்ளிக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் நிறுத்தினார்.

“அக்கா, இதுல எங்க ஆஸ்பத்திரிக்குன்னு கேள்வி சேக்க ஒரு எடம் இருக்கு. பெரிய டொக்டர் சரின்னுட்டாரு. வர்ற எல்லாரையும் இத கேக்கணும். எப்பிடிக் கேட்டா நம்ம ஆளுங்க சொல்லுவாங்க?”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “மருந்து எடுத்தியான்னு கேட்டா இல்லம்பாங்க. அப்பிடிக் கேக்காதீங்க.”

“அப்ப?”

“வீட்டுலயோ பக்கத்துக் காம்பராவுலயோ யாரு மாத்திர குடுத்தாங்கன்னு கேளுங்க. குடுத்தாங்களான்னு கேக்காதீங்க. யாருன்னு கேளுங்க. குடுத்திருப்பாங்க. அப்பறம் திட்ட மாட்டோம்னும் சொல்லணும். இல்லாட்டி, குடுத்தவளுக்குக் கிளினிக்ல மருந்த நிப்பாட்டிருவாங்கன்னு பயப்படுவாங்க.”

டொக்டர் அப்படியே தட்டினார். சிங்களத்தில் எப்படி வரும் என்று நிரோஷா மிஸ் சோமே மாமாவிடம் கேட்டார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “எங்க ஊர்லயும் இதேதான்,” என்றார். தன் மனைவிக்கு வந்த மூட்டு மாத்திரையைத்தான் அவரும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கே அதுவும் வெளியே வந்தது. பாக்கியம் அக்காவையும் கூட்டிவரச் சொன்னார்கள். தன் மாத்திரையை எனக்குக் கொடுத்துவிட்டதால் அவளுக்குப் பிரஷர் ஏறிப் போயிருந்தது. திட்டாமல்தான் மருந்து கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு ஒரு தடவை கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேறு யாரும் துணைக்குத் தேவையில்லை, நானே போய் வருகிறேன் என்றேன். அக்கா கேட்கவில்லை. நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்தாள். இரத்தம் கொடுத்து, முடிவு வந்து, டொக்டர் தர்ஷினி திரையை என் பக்கம் திருப்பினார். சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. வெறும் வெள்ளை.

“இனி எங்க போகணும்னாலும் போகலாம்,” என்றார். “கரட்டுத் தொட்டிக்கு மட்டும் பூட்ஸ் இல்லாம எறங்காதீங்க.”

திருகோணமலையில் ஒரு ஹோட்டல் கட்டுகிறார்கள், தரைக்கல் வேலை இருக்கிறது என்று கூட்டாளி சொல்லியிருந்தான். பை கையோடு இருந்தது. ஹட்டன் பஸ்ஸைப் பிடித்தால் அங்கிருந்து கண்டி, அப்படியே போய்விடலாம். வெளியே வரும்போது, பதிவு மேசையின் முன்னால் ஒரு ஆளும் அவர் மனைவியும் நின்றார்கள். அவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. மேசையில் வேலைக்கிருந்த பெண்பிள்ளை திரையைப் பார்த்து வாசித்தது.

“வீட்டுலயோ பக்கத்துக் காம்பராவுலயோ யாரு மாத்திரை குடுத்தாங்க? திட்ட மாட்டோம், சொல்லுங்க.”

“அப்பிடி யாரும் இல்லம்மா,” என்றார் அந்த ஆள். மனைவி தரையைப் பார்த்தாள்.

நான் தடுப்பதற்குள் அக்கா போய்விட்டாள்.

“அண்ணே, சொல்லுங்க. திட்ட மாட்டாங்க. நான் குடுத்தேன், என்னைய யாரும் திட்டல.” பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். “கம்பியூட்டர் ஒங்கள ஏமாத்தக் கேக்கல. அது நான் கேக்கச் சொன்ன கேள்வி.”

அந்தப் பெண் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். சேலைத்தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு நிறத்தில் மாத்திரைகள் மேசைமேல் உருண்டன. மேசைப் பிள்ளை ஒவ்வொன்றாகத் தட்ட, திரையின் ஓரம் மஞ்சளானது. பிள்ளை எழுந்து உள்ளே டொக்டரைக் கூப்பிட ஓடியது.

வெளியே ஹட்டன் பஸ்காரன் ஹார்ன் அடித்தான். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தோட்டத்துக் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை மாதிரி மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் பையைக் கீழே வைத்தேன். அந்த ஆளுக்கு என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டே போகலாம் என்று பெஞ்சில் இடம்பிடித்து உட்கார்ந்தேன்.